கணக்கில் வராத பணிக்காலம்: அங்கன்வாடிக்கு அப்பால் ஒரு வேலை

பதினைந்து இருபது வருடம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண், நாற்பது வயதுக்கு மேல் வேறு வேலைக்குப் போக நினைத்தால் எங்கே போக முடியும்? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி பெரும்பாலும் அங்கன்வாடியில்தான் போய் நிற்கும். மாநிலத்தில் 54,439 மையங்கள் இருக்கின்றன. அவற்றில் 4,940 குறு மையங்கள். முதன்மை மையத்துக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர், குறு மையத்துக்கு ஒருவர் என்று எல்லா இடங்களும் நிரம்பியிருந்தால் ஒரு லட்சம் பெண்களைத் தாண்டும். தனியார் காப்பகங்களிலும் ப்ளே ஸ்கூல்களிலும் வீடுகளிலும் குழந்தை பார்ப்பவர்கள் இதில் சேரவில்லை.

இவர்களில் வேறு வேலை தேடியவர்கள் அடிக்கடி கேட்கும் பதில், “உங்களுக்கு வேறென்ன தெரியும்?” என்பதுதான். அந்தப் பதில் தவறு என்று நினைப்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அவர்களுக்குத் தெரிந்தது நிறைய. அது எங்கேயும் எழுதப்படவில்லை. ஒருவர் இருபது வருடம் செய்ததை அரசே ‘வேலை’ என்று எழுதிக் கொடுக்காதபோது, அடுத்த இடத்தில் அவர் முதல் நாள் ஆளாகத்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

சேவை என்று பெயர் வைத்த வேலை

பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்கு நாடு தழுவிய திட்டம் வேண்டும் என்று மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-இல் அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி, 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு தன் பங்குக்கு 1980-இல் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை ஆரம்பித்தது. 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், இரண்டு வயதுக் குழந்தையிலிருந்தே சோறு போட்டது. ஊருக்கு ஊர் பால்வாடி வந்தது. அந்த ஊரிலேயே படித்த பெண் ஒருவர் டீச்சர் ஆனார். இன்னொருவர் ஆயா ஆனார்.

கணவனை இழந்தவர்களும், கைவிடப்பட்டவர்களும், வெளியூர் போய் வேலை பார்க்க வீட்டில் விடாதவர்களும் உள்ளூரிலேயே மாதம் ஒரு தொகை பார்க்க முடிந்தது இதனால்தான். இது சாதாரண நன்மை இல்லை. ஆனால் திட்டத்தை வகுத்தவர்கள் அந்தப் பெண்ணை ஊழியராக நினைக்கவில்லை. சமூகத்துக்காக ஒரு நாளில் சில மணி நேரம் கொடுக்கிற தன்னார்வலர், அவருக்குத் தருவது மதிப்பூதியம் என்றுதான் காகிதத்தில் இருந்தது. 2006-இல் கர்நாடக அரசுக்கும் அமீர்பிக்கும் நடந்த வழக்கில், அங்கன்வாடிப் பணியாளர் வகிப்பது அரசுப் பதவி இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொன்னது.

காசு விஷயமும் அப்படித்தான். மத்திய அரசின் அளவுப்படி, 2018 அக்டோபரிலிருந்து பணியாளருக்கு 4,500 ரூபாய், குறு மையப் பணியாளருக்கு 3,500, உதவியாளருக்கு 2,250. தமிழ்நாடு இதற்கு மேல் தன் பணத்தைச் சேர்த்துச் சிறப்புக் காலமுறை ஊதியம் தருகிறது. பணியாளருக்கு 7,700 முதல் 24,200, உதவியாளருக்கு 4,100 முதல் 12,500 என்ற வரம்பு. பல மாநிலங்களைவிட இது மேல். ஓய்வுக்குப் பிறகான சிறப்பு ஓய்வூதியம் மட்டும் மாதம் 2,000 ரூபாயிலேயே பல வருடம் நின்றது. ஐம்பதைத் தொட்ட பெண் வேறு வேலை தேடியதற்குப் பெரிய காரணம் இந்த 2,000 ரூபாய்தான்.

உள்ளே நடப்பது என்ன

ஒரு மையத்தின் காலையைப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்பது புரியும். பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டி வருவதில் நாள் தொடங்கும். அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே வருகையைப் பதிய வேண்டும். அடுப்பு வேலை ஆயாம்மாவுடையது என்றாலும், அரிசி பருப்பு எடை, முட்டை இருப்பு, எண்ணெய்க் கணக்கு எல்லாம் டீச்சர் பொறுப்பு. மாதம் ஒரு முறை எடையும் உயரமும் எடுத்து, வளர்ச்சி வரைபடத்தில் குழந்தை எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2022-இல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தில், கடுமையான எடைக் குறைவுள்ள குழந்தைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் இவர்கள் பங்கு பெரியது.

2021 மார்ச்சிலிருந்து எல்லாமே போஷன் டிராக்கர் செயலியில் ஏற வேண்டும். வீட்டுக்குச் சத்துமாவு கொடுக்கும்போது தாயின் முகத்தை செல்போனில் படம் பிடித்துச் சரிபார்ப்பது 2025 ஜூலையிலிருந்து கட்டாயம். தாய் மாவு வாங்க வந்து நிற்பார். ஓ.டி.பி. போகிற போன், திருப்பூரில் வேலை பார்க்கும் கணவரிடம் இருக்கும். அவரை அழைத்து, எண்ணைக் கேட்டு, நேரம் முடிவதற்குள் அடித்தால்தான் ஒரு பாக்கெட் மாவு கணக்கில் ஏறும். அந்த ஐந்து நிமிடமும் அறைக்குள் இருபது பிள்ளைகள் இருப்பார்கள்.

இதற்கு மேல் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை, சுகாதார முகாமுக்கு ஆள் திரட்டுவது, அவ்வப்போது வரும் கணக்கெடுப்புகள். இவற்றைவிட நான் மதிப்பது வேறொன்றை. கூப்பிட்டால் திரும்பாத, கண்ணைப் பார்க்காத மூன்று வயதுப் பிள்ளையை முதலில் கவனிப்பவர் பல ஊர்களில் இந்த டீச்சர்தான். அதைத் தாயிடம் பயமுறுத்தாமல், ஆனால் தள்ளிப்போட விடாமல் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். மாமியார் முன்னால் சொல்லலாமா, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்பதுகூட அவருக்குத் தெரியும். இதை எந்தப் பட்டப்படிப்பும் முழுதாகக் கற்றுத் தருவதில்லை.

மேலே போகிற ஏணி

வெளியே போகுமுன் உள்ளேயே ஏற வழி உண்டா என்று பார்க்க வேண்டும். உண்டு. மத்திய அரசின் போஷன் 2.0 வழிகாட்டுதல்களின்படி, மேற்பார்வையாளர் பதவிகளில் பாதியை ஐந்து வருட அனுபவமுள்ள பணியாளர்களைக் கொண்டும், பணியாளர் பதவிகளில் பாதியை ஐந்து வருட அனுபவமுள்ள உதவியாளர்களைக் கொண்டும் நிரப்ப வேண்டும். மற்றத் தகுதிகளும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஆயாம்மா டீச்சர் ஆவது ஓரளவு நடக்கக்கூடியது. இப்போது பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு கேட்கிறார்கள். எட்டாவது, பத்தாவதோடு வந்த பழைய உதவியாளர்களுக்குத் தடையாக இருப்பது அந்தப் படிப்புதான். டீச்சர் மேற்பார்வையாளர் ஆவது இன்னும் கடினம். ஏறக்குறைய 25 மையத்துக்கு ஒரு மேற்பார்வையாளர். அதில் பாதி இடம்தான் பதவி உயர்வுக்கு என்றால், ஐம்பது டீச்சர்களில் ஒருவருக்குத்தான் இடம். மீதி நாற்பத்தொன்பது பேரைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

பக்கத்து வகுப்பறை

இயல்பாகப் பார்த்தால் இவர்கள் போக வேண்டிய இடம் பள்ளிக்கூடம். தமிழ்நாட்டில் அதற்கு ஒரு வாய்ப்பும் வந்தது. அது கைநழுவிய விதம் இந்தப் பிரச்சினையை முழுதாகக் காட்டுகிறது.

2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை அரசு தொடங்கியது. நல்ல முடிவு. தனியார் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது உதவியது. பாடம் நடத்த, உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை மாற்றி அனுப்பினார்கள். தாங்கள் படித்தது தொடக்கப் பள்ளிக்கான பயிற்சி, மழலையர் வகுப்புக்கு ஏன் போக வேண்டும் என்று அந்த ஆசிரியர்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. மூன்று வயதுப் பிள்ளையோடு இருப்பது தனிப் பயிற்சி வேண்டிய வேலை.

2022-இல் வகுப்புகளை நிறுத்துவதாகச் செய்தி வந்து, பெற்றோரும் கட்சிகளும் எதிர்த்தபின் வகுப்புகள் தொடர்ந்தன. இந்த முறை தற்காலிகச் சிறப்பு ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் எடுக்கப்பட்டார்கள். இத்தனையும் நடந்தது அங்கன்வாடி இருக்கிற அதே வளாகத்தில். பத்துப் பதினைந்து வருடமாக அதே வயதுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி, பாட்டுச் சொல்லி, பென்சில் பிடிக்கப் பழக்கிய பெண் அங்கேயே இருந்தார். அவருக்கு ஒரு வருடப் பயிற்சி கொடுத்து அந்த வகுப்பை ஒப்படைக்கலாம் என்ற யோசனை திட்டத்தில் இடம்பெறவே இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் இரண்டு வருட முழுநேரப் படிப்பு. வேலையில் இருந்துகொண்டே நாற்பது வயதில் அதை எப்படி முடிப்பது? முடித்தாலும் தகுதித் தேர்வு எழுதிவிட்டுப் பல வருடமாகக் காத்திருப்பவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 இந்த இடத்தில் ஒரு வழி சொல்கிறது. பன்னிரண்டாவது முடித்த அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு, அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு வருடப் பட்டயம், வேலையில் இருந்தபடியே. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அதற்கான காரணங்கள் மொழியிலிருந்து நுழைவுத் தேர்வு வரை போகின்றன. அவற்றில் பலவற்றோடு எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இந்த ஓர் அம்சத்தை மாநிலம் தன் பெயரிலேயே, தன் பாடத்திட்டத்திலேயே செய்துகொள்ள என்ன தடை?

செய்ய முடியும் என்பதற்கு இங்கேயே சான்று இருக்கிறது. தகுதியுள்ள அங்கன்வாடிப் பணியாளர்களைத் தேர்ந்தெடுத்துத் துணைச் செவிலியர் பயிற்சி கொடுத்து, கிராம சுகாதாரச் செவிலியராக ஆக்குகிற வழக்கம் தமிழ்நாட்டில் இருந்திருக்கிறது. தடுப்பூசி நாளில் செவிலியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் எழுதிய டீச்சர், பிற்பாடு தானே ஊசி போடும் இடத்துக்கு வந்தார். சுகாதாரத் துறை அவருடைய பழைய அனுபவத்தை ஒரு தகுதியாக ஏற்றதால்தான் அது நடந்தது. கல்வித் துறை அப்படி ஏற்கவில்லை.

வாசல் தாண்டினால்

அரசுக்கு வெளியே உள்ள வழிகளில் முதலில் சொல்ல வேண்டியது நிறுவனக் காப்பகங்கள். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. சென்னையின் ஐ.டி. வளாகங்களிலும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளிலும் இதற்கு ஆள் தேவை. அங்கே கேட்பது பெரும்பாலும் மாண்டிசோரிப் பட்டயமும் கொஞ்சம் ஆங்கிலமும். மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கே வந்து பயிற்சி நடத்திய ஊர் இது. அதன் தொடர்ச்சியாக நல்ல பயிற்சி நிலையங்கள் சென்னையில் உண்டு. ஆனால் கட்டணம் அங்கன்வாடிச் சம்பளத்தில் எட்டுவதில்லை. இக்னோ தொலைநிலையில் நடத்தும் மழலையர் கல்விப் பட்டயம் எட்டக்கூடியது. பன்னிரண்டாவது முடித்தவர்கள் வேலையை விடாமலே அதைப் படிக்கலாம். நகரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் இதைச் செய்யலாம் என்பது என் எண்ணம்.

அடுத்தது முதியோர் பராமரிப்பு. தமிழ்நாட்டில் குழந்தைகள் குறைந்துகொண்டு வருகிறார்கள். 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை. அறுபதைத் தாண்டியவர்கள் 2011-இல் மக்கள்தொகையில் 10.4 சதவீதம். 2031-இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது அரசின் தொழில்நுட்பக் குழுவின் கணிப்பு. ஐந்து பேருக்கு ஒருவர் என்ற நிலை நெருங்குகிறது. ஊட்டிவிடுவது, பொறுமை, மருந்து நேரம், வீட்டாரோடு பேசுவது என்று பாதி வேலை அங்கன்வாடிப் பெண்ணுக்குப் பழக்கமானது. ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவரைத் தூக்கித் திருப்புவதற்குப் பயிற்சியும் வேண்டும், முதுகும் வேண்டும். இருபது வருடம் பிள்ளைகளைத் தூக்கிய பெண்களுக்கு முதுகு வலி ஏற்கனவே இருக்கிறது. ஏஜென்சி வழியாகப் போனால் பன்னிரண்டு மணி நேரம், இருபத்துநாலு மணி நேரம் என்று ஷிப்ட். பி.எஃப். பல இடங்களில் இல்லை. குடும்பத்தை விட்டு இன்னொரு வீட்டில் தங்க வேண்டும். இதை நல்ல வழி என்று எல்லோருக்கும் சொல்ல எனக்கு மனமில்லை. தேவை மட்டும் நிச்சயமாக வளரும்.

மூன்றாவது வழியை நிறையப் பேர் தாங்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். எல்.ஐ.சி. முகவர், தபால் ஆபீஸ் ஆர்.டி. பிடிக்கும் மகளிர் முகவர். ஊரில் எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு எப்போது கையில் பணம் வரும், யாரை நம்பலாம் என்பது டீச்சருக்குத் தெரியும். அதைவிட முக்கியமாக, ஊர் அவரை நம்பும். எல்.ஐ.சி. முகவராகப் பத்தாம் வகுப்பும் ஒரு தேர்வும் போதும். வயது வரம்பு பெரிய தொந்தரவு இல்லை. மாதம் வரும் தொகை நிச்சயமில்லை என்பதுதான் குறை.

சத்துமாவு, முறுக்கு, ஊறுகாய் என்று சிறுதொழிலுக்குப் போகிறவர்கள் உண்டு. தையல் உண்டு. மாலையில் டியூஷன் எடுப்பவர்களும் உண்டு. இவை பெரும்பாலும் கூடுதல் வருமானம்தான். முழு வேலைக்கு ஈடாவது அபூர்வம். கடன் வாங்கி இறங்குபவர்கள் சுயஉதவிக் குழுவின் வட்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணையில் மாட்டினால் பழைய மதிப்பூதியமே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

வீடுகளிலும் சின்னக் காப்பகங்களிலும் வேலை பார்ப்பவர்களின் நிலை இதைவிட மோசம். அங்கன்வாடிப் பெண்ணிடம் நியமன ஆணையாவது இருக்கும். தனியார் ப்ளே ஸ்கூலில் பன்னிரண்டு வருடம் ‘ஆன்ட்டி’யாக இருந்தவரிடம் ஒன்றுமே இருக்காது. பள்ளியை மூடினால், ‘இவர் இங்கே வேலை செய்தார்’ என்று எழுதித் தரக்கூட ஆள் இல்லை.

சட்டம் திறந்த ஒரு கதவு

2022 ஏப்ரல் 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை இந்தத் துறையில் உள்ள ஒவ்வொரு பெண்ணும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குஜராத்தின் தாஹோத் மாவட்டத்திலிருந்து மணிபென் தொடர்ந்த வழக்கு. நீதிபதிகள் அஜய் ரஸ்தோகியும் அபய் ஓகாவும், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்றார்கள். மதிப்பூதியம் என்று பெயர் வைத்தாலும் அது ஊதியம்தான், இதைப் பகுதிநேர வேலை என்று சொல்ல முடியாது, மையங்களில் நடப்பது முன்பருவக் கல்வி என்று தீர்ப்பு விளக்கியது. அரசாணைகள் சொல்லத் தயங்கியதை நீதிமன்றம் சொன்னது.

வேலை மாற நினைப்பவருக்கு இது நேரடியாக உதவக்கூடியது. பணிக்கொடை ஓய்வு பெறுபவருக்கு மட்டுமானது இல்லை. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்து, தானாக ராஜினாமா செய்தாலும் உண்டு. கடைசி மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடக் கணக்கால் பெருக்க வேண்டும். 15,000 ரூபாய் வாங்கியவர் இருபது வருடம் முடித்திருந்தால் ஏறக்குறைய 1,73,000 ரூபாய். ஒரு பட்டயப் படிப்புக்கும், படிக்கிற காலத்து வீட்டுச் செலவுக்கும் அது போதும். தீர்ப்பு வந்ததாலேயே பணம் கைக்கு வந்துவிடாது. சங்கத்தின் துணையோடு எழுத்தில் கேட்க வேண்டும், தொழிலாளர் துறை வரை போக வேண்டியிருக்கலாம். கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது.

இப்போதைக்கு வேலையில் இருப்பவர்கள், போவதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், சில காகிதங்களைச் சேர்த்து வைக்க வேண்டும். நியமன ஆணை, இடமாறுதல் ஆணைகள், ஒவ்வொரு பயிற்சிக்கும் கொடுத்த சான்றிதழ், ஊதியம் வரவான வங்கிப் பாஸ்புக், தேர்தல் பணிக்குப் போட்ட உத்தரவு. இவற்றில் பலவற்றை ட்ரங்க் பெட்டியில் போட்டு மறந்துவிடுகிறார்கள், அல்லது அலுவலகத்தில் கொடுத்துவிட்டு நகல் எடுக்காமல் வந்துவிடுகிறார்கள்.

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிப்பதில்லை. ஐந்து வருடம் முடித்த ஒவ்வொருவருக்கும், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரின் கையெழுத்தோடு ஒரு பணி அனுபவச் சான்றிதழ். எத்தனை வருடம், எத்தனை குழந்தைகள், என்னென்ன பயிற்சிகள் என்பதோடு வளர்ச்சிக் கண்காணிப்பு, முன்பருவக் கல்வி, இருப்புப் பதிவேடு, செயலிப் பதிவு, தாய்மாருக்கு ஆலோசனை என்று செய்த வேலைகளின் பெயர்களும் அதில் இருக்க வேண்டும். மழலையர் வகுப்பு ஆசிரியர், காப்பகப் பொறுப்பாளர், துணைச் செவிலியர் பயிற்சி ஆகிய மூன்றுக்கும் அந்தச் சான்றிதழை ஒரு தகுதியாக ஏற்று, வயது வரம்பில் பணிக்காலத்தைக் கழிக்க வேண்டும். தகவல்கள் எல்லாம் ஏற்கனவே பதிவேட்டிலும் செயலியிலும் அந்தப் பெண்களே ஏற்றி வைத்தவை. இதற்குச் சட்டமன்றத்தில் மசோதா தேவையில்லை. சமூக நலத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் உட்கார்ந்து பேசி வெளியிடும் ஓர் அரசாணை போதும்.